பலகையில் அந்த எண் எப்படி வந்தது? சாலைகளின் வேக வரம்பு முடிவாகும் விதம்

சாலையோரத்தில் சிவப்பு வட்டத்துக்குள் 40 என்றோ 50 என்றோ எழுதப்பட்ட பலகையை நாள்தோறும் கடந்து செல்கிறோம். அந்த எண்ணை மதிப்பவர்களும் உண்டு, பொருட்படுத்தாதவர்களும் உண்டு. ஆனால் அது ஏன் 40 ஆக இருக்கிறது, ஏன் 30 ஆகவோ 60 ஆகவோ இல்லை என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டப் பிரிவும், ஓர் அளவீடும், அதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட ஆணையும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கிறார்கள். ஒரு சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால், உயிரைப் பறிக்கும் விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கு. எனவே அந்த எண்ணை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதைச் சாலையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். வேக வரம்பு என்பது அந்தச் சாலையில் போயே ஆக வேண்டிய வேகம் அன்று. வெளிச்சமும் தரையும் பார்வையும் சரியாக இருக்கும்போதுகூடத் தாண்டக் கூடாத உச்சம். மழையிலும் மூடுபனியிலும் நெரிசலிலும் பாதுகாப்பான வேகம் அதற்கும் கீழேதான் இருக்கும். வரம்புக்கு உட்பட்டு ஓட்டினாலும், சூழ்நிலைக்குப் பொருந்தாத வேகத்தில் ஓட்டுவதைப் பல நாடுகளின் சட்டங்கள் குற்றமாகவே கருதுகின்றன. கூர்மையான வளைவுக்கு முன்னால் வைக்கப்படும் அறிவுரை வேகப் பலகையையும் இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது எச்சரிக்கை மட்டுமே.

வேக வரம்புச் சட்டம் பெரும்பாலான நாடுகளில் இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கிறது. மேலடுக்கில் நாடு முழுவதற்கும் அல்லது மாநிலம் முழுவதற்கும் பொதுவான வரம்பு இருக்கும். பலகை எதுவும் இல்லாத இடத்திலும் அது செல்லும். ஸ்பெயின் நாடு 2021 மே மாதத்தில் நகரச் சாலைகளுக்குக் கொண்டுவந்த விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம் உள்ள சாலையில் 30 கிலோமீட்டர், இரண்டோ அதற்கு மேலோ தடங்கள் இருந்தால் 50, நடைபாதையும் வண்டிப்பாதையும் ஒரே மட்டத்தில் இருக்கும் தெருவில் 20. சாலையின் உருவத்தைப் பார்த்தே வரம்பைத் தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தில் இன்னும் பழைய முறை ஒன்று இருக்கிறது; தெருவிளக்குகள் 200 கஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 183 மீட்டருக்கு, மிகாத இடைவெளியில் வரிசையாக நின்றால், வேறு பலகை வைக்கப்படாத வரை அங்கே வரம்பு மணிக்கு 30 மைல்.

இரண்டாவது அடுக்கில்தான் உள்ளாட்சி அமைப்புகள் வருகின்றன. பொது வரம்பு பொருந்தாத இடங்களில் அதைக் கூட்டவோ குறைக்கவோ அவற்றுக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் மேலிருந்து அளந்து கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. நியூயார்க் மாநகரம் தன் தெருக்களின் பொது வரம்பை 2014-இல் மணிக்கு 30 மைலிலிருந்து 25 ஆகக் குறைத்தபோது, அதற்கு மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. 20 ஆகக் குறைக்கும் உரிமையைப் பெற 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் முக்கியச் சாலை ஒன்றில் 30 கிலோமீட்டர் வரம்பு வைக்க விரும்பிய நகராட்சி, அந்தக் குறிப்பிட்ட இடத்தில் தனியான ஆபத்து இருப்பதை நிறுவ வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது; பள்ளிக்குச் செல்லும் வழிகள், விளையாட்டுத் திடல்கள், பாதசாரிகள் கடக்கும் இடங்கள் போன்றவற்றுக்கு 2024-இல்தான் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஊருக்கு நடுவே ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் மேல்நிலை அரசின் துறைக்குச் சொந்தமாக இருக்கும். உள்ளூர் அலுவலகத்தில் கொடுத்த மனு பதிலின்றிக் கிடப்பதற்கு இதுவே பல நேரங்களில் காரணம்; சாலை யாருடையது என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

இனி, ஒரு சாலையின் வரம்பை ஆராயும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தொடர் விபத்துகளோ, குடியிருப்போரின் மனுவோ, புதிதாக வந்த பள்ளியோ, சாலையை அகலப்படுத்திய பணியோ அதற்குத் தொடக்கமாக அமையும். போக்குவரத்துப் பொறியாளர் அந்தச் சாலையை நேரில் சென்று பார்க்கிறார். தடங்களின் அகலம், வளைவுகளில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, எத்தனை வாசல்களும் குறுக்குத் தெருக்களும் சாலையில் வந்து திறக்கின்றன, நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா, பேருந்து நிறுத்தத்தில் இறங்குபவர்கள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள் என்பனவெல்லாம் குறிப்பில் ஏறுகின்றன. விபத்துப் பதிவேட்டிலிருந்து கடந்த சில ஆண்டுகளின் விவரங்கள் எடுக்கப்படுகின்றன. அதன் பிறகு வருகிறது வேக அளவீடு.

இந்த அளவீட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களை, இடையில் அளந்து வைத்த தூரத்தோடு, தரையோடு தரையாகப் பதித்து, ஓரத்தில் ஒரு சிறு பெட்டியோடு இணைக்கிறார்கள். சக்கரம் ஏறும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று அழுந்திப் பெட்டியைத் தட்டுகிறது. முதல் குழாய்க்கும் இரண்டாவது குழாய்க்கும் இடையே ஆன நேரத்தைக் கொண்டு வேகம் கணக்காகிறது. ரேடார் கருவியும் பயன்படுவதுண்டு, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கண்ணில் படும்படி நின்றால் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், அளவீடு கெட்டுவிடும். நெரிசல் நேரத்து வேகமும் உதவாது. முன்னால் போகும் வண்டி தடுக்காமல், ஓட்டுநர் தாமாகத் தேர்ந்தெடுத்த வேகம்தான் வேண்டும். எனவே நல்ல வானிலையில், நெரிசலற்ற நேரத்தில், முன்வண்டியோடு போதிய இடைவெளி விட்டு வரும் வண்டிகளை மட்டும் கணக்கில் கொள்கிறார்கள்.

ஒரு கற்பனைச் சாலையை எடுத்துக்கொள்வோம். இப்போதைய வரம்பு 50. நூறு வண்டிகளின் வேகத்தைக் குறைவானதிலிருந்து அதிகமானது வரை வரிசையாக எழுதுகிறோம். சராசரி 49 கிலோமீட்டர் என்று வருகிறது. வரிசையில் 85-ஆவது வண்டியின் வேகம் 58. இந்த 58-ஐத்தான் 85-ஆவது நூற்றுமானம் என்கிறார்கள். நூறு வண்டிகளில் 85 வண்டிகள் இந்த வேகத்திலோ இதற்குக் குறைவாகவோ சென்றன என்பது பொருள். அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய வழக்கம், இந்த எண்ணைப் பக்கத்தில் உள்ள ஐந்தின் மடங்குக்குத் திருத்தி அதையே வரம்பாக வைப்பது. அதன்படி நம் சாலைக்கு வரம்பு 60 ஆகும். அதாவது, வேகமாகப் போகிறார்கள் என்று குடியிருப்போர் மனுக் கொடுத்து, அதன்பேரில் நடந்த ஆய்வு, வரம்பை உயர்த்துவதில் போய் முடியும்.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது; அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான ஓட்டுநர்கள் பொறுப்புள்ளவர்கள், சாலையைக் கண்ணால் பார்த்துத் தகுந்த வேகத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார்கள், அவர்களைக் குற்றவாளிகளாக்கும் வரம்பை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அதன் அடிப்படை. டேவிட் சாலமன் 1964-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. சராசரியை விட மிக மெதுவாகவும் மிக வேகமாகவும் செல்லும் வண்டிகளே அதிகம் விபத்தில் சிக்குகின்றன, எனவே எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் செல்வதே பாதுகாப்பு என்று அதிலிருந்து முடிவு கட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வு நடந்தது ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில். பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் குறுக்கே நடக்கும் தெருவில் வண்டிக்கு வண்டி உள்ள வேக வேறுபாடு மட்டுமா பார்க்க வேண்டியது? இன்னொரு சிக்கலும் உண்டு. வரம்பை உயர்த்தினால் வண்டிகளின் வேகமும் சற்று உயரும். அடுத்த முறை அளக்கும்போது 85-ஆவது வண்டி இன்னும் வேகமாக இருக்கும். வரம்பு மறுபடியும் ஏறும். என் பார்வையில் இந்த முறையின் பெருங்குறை வேறொன்று: வண்டியில் இருப்பவர்களின் விருப்பம் மட்டுமே அதில் வாக்காக எண்ணப்படுகிறது, சாலையைக் கடக்க நிற்பவருக்கு அதில் வாக்கு இல்லை.

கடக்க நிற்பவரின் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் என்ன வருகிறது? நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை திடீரெனச் சாலையில் இறங்குகிறது. வரும் கார் 18 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஓட்டுநர் குழந்தையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த ஒன்றரை விநாடியில் பன்னிரண்டரை மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த தரையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 5 மீட்டர். பதினேழரை மீட்டரில் கார் நின்றுவிடுகிறது. குழந்தைக்கும் காருக்கும் நடுவே அரை மீட்டர் மிச்சம். அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், ஒன்றரை விநாடியில் 20 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அதாவது ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும் முன்பே, சற்றும் குறையாத வேகத்தில், மோதல் நிகழ்ந்து முடிந்திருக்கும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், 30-இல் இருந்ததைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றல் அந்தச் சிறு உடலில் இறங்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, 50-க்கும் 30-க்கும் இடையே உள்ளது வெறும் இருபது என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. மனிதர்கள் தவறு செய்வார்கள். அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது. எனவே மனித உடல் தாங்கக்கூடிய விசையே வேகத்தின் எல்லையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30 கிலோமீட்டர், வண்டிகள் பக்கவாட்டில் மோதிக்கொள்ளக்கூடிய சந்திப்புகளில் 50, நடுத்தடுப்பு இல்லாமல் நேருக்கு நேர் மோத வாய்ப்புள்ள சாலையில் 70 என்று இந்தச் சிந்தனையைப் பின்பற்றுபவர்கள் எண்களை வகுத்தார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் அதற்கும் முன்பே, 1992-இல், முன்னுரிமைச் சாலைகள் நீங்கலாக நகரம் முழுவதும் 30 கிலோமீட்டர் வரம்பை வைத்துவிட்டது. பாரிஸ் 2021-இல் அந்த வழிக்கு வந்தது.

நம் கற்பனைச் சாலைக்குத் திரும்புவோம். ஒரே சாலை, ஒரே நூறு வண்டிகள். 85-ஆவது வண்டியைக் கேட்டால் 60 என்கிறது. சராசரியைக் கேட்டால் 50 என்கிறது. பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 85-ஆவது வண்டியைக் கைவிட்டுச் சராசரி வேகத்தை அடிப்படையாக ஏற்றது. குழந்தையைக் கேட்டால் விடை 30. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்பதில்தான் முடிவு அடங்கியிருக்கிறது. அந்தத் தேர்வைக் கருவிகள் செய்வதில்லை, மனிதர்கள் செய்கிறார்கள். அமெரிக்காவிலும் காற்று மாறிவருகிறது. 85-ஆவது நூற்றுமானத்துக்குத் தரப்படும் அளவுகடந்த முக்கியத்துவத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் பரிந்துரைத்தது. சாலை அறிவிப்புகளுக்கான தேசியக் கையேட்டின் 2023 டிசம்பர் பதிப்பு, சாலையின் சூழல், நடப்பவர்களும் மிதிவண்டியில் செல்பவர்களும் எவ்வளவு பேர், விபத்து வரலாறு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

முடிவு எடுத்த பிறகு அதைச் சட்டமாக்கும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: வரைவு ஆணை, காவல்துறையின் கருத்து, பொது அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், இறுதி ஆணை. பலகை நடுவது கடைசி வேலை. வரம்பு சட்டப்படி எங்கிருந்து எங்குவரை என்று ஆணையில் எழுதப்பட்டிருக்கிறதோ, பலகையும் அங்கேதான் நிற்க வேண்டும். தவறான இடத்தில் நட்ட பலகை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும். இருநூறு மீட்டருக்கு ஒருமுறை வரம்பு மாறினால் யாராலும் பின்பற்ற முடியாது என்பதால், ஒரு வரம்பு குறைந்தபட்சம் 600 மீட்டருக்காவது தொடர்வது நல்லது என்று பிரிட்டன் வழிகாட்டுதல் கூறுகிறது.

பலகை நட்டுவிட்டால் வேகம் குறைந்துவிடுமா? ஓரளவுதான் குறையும். வரம்பை 10 கிலோமீட்டர் குறைத்தால் சராசரி வேகம் பொதுவாக 2 முதல் 4 கிலோமீட்டர் வரையே குறைகிறது. ஆயினும் அதனால் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாஸ்டன் நகரம் 2017 ஜனவரியில் பொது வரம்பை 30 மைலிலிருந்து 25 ஆகக் குறைத்தது. அங்கே சராசரி வேகம் பெரிதாக மாறவில்லை. ஆனால் 35 மைலைத் தாண்டிப் பறக்கும் வண்டிகள் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. உயிரைப் பறிக்கும் வேகங்கள்தான் முதலில் குறைந்தன. மீதியைச் சாலையின் அமைப்புதான் செய்ய வேண்டும். அகலமாகவும் நேராகவும் இருக்கும் சாலை ஓட்டுநரை வேகமாகப் போகச் சொல்கிறது. பலகை மெதுவாகப் போகச் சொல்கிறது. இரண்டும் மோதும்போது பெரும்பாலும் சாலையே வெல்கிறது. தடங்களைக் குறுக்குவது, நடைபாதையைச் சந்திப்பில் வெளித்தள்ளிக் கட்டுவது, கடக்கும் இடத்தை மேடாக்குவது, ரவுண்டானா அமைப்பது, அளவுப்படி கட்டிய வேகத்தடை என்று இதற்குப் பல வழிகள் உண்டு.

வேகத்தைக் குறைத்தால் பயண நேரம் கூடிவிடும் என்ற ஆட்சேபணை ஒவ்வொரு கூட்டத்திலும் எழும். இரண்டு கிலோமீட்டரை 50 வேகத்தில் எங்கும் நிற்காமல் கடக்க 2 நிமிடம் 24 விநாடி; 30 வேகத்தில் 4 நிமிடம். வேறுபாடு 96 விநாடிகள். சிக்னலும் சந்திப்பும் நிறைந்த நகரச் சாலையில் யாரும் இடைவிடாமல் 50-இல் போக முடியாது என்பதால் உண்மையான இழப்பு இதை விடக் குறைவு.

இனி மறுஆய்வு. வைத்த வரம்பு என்றென்றைக்கும் சரியாக இருக்காது. வயலாக இருந்த இடம் குடியிருப்பாகிறது, புறவழிச்சாலை வந்து ஊருக்குள் லாரிகள் குறைகின்றன. சில இடங்களில் சட்டமே காலக்கெடு விதிக்கிறது. கலிபோர்னியாவில் வேக ஆய்வு அடிப்படையில் 5 ஆண்டுகளுக்கே செல்லும். சில நிபந்தனைகளின் பேரில் மட்டும் நீளும். காலாவதியான ஆய்வை வைத்துக்கொண்டு ரேடாரால் பிடித்துப் போட்ட அபராதம் நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம். எனவே அங்குள்ள நகராட்சிகள் மறுஆய்வைத் தள்ளிப்போட முடிவதில்லை.

மறுஆய்வில் எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு சாலையில் மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒன்றிரண்டு விபத்துகள் நடக்கின்றன, நான்காம் ஆண்டு ஆறு நடக்கின்றன. உடனே வரம்பைக் குறைக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டு இரண்டு. வரம்பால் குறைந்ததா? எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும், தற்செயலாக உச்சத்துக்குப் போன எண் பழைய அளவுக்கு இறங்கியிருக்கும். ஆகவே முன்னும் பின்னும் குறைந்தது மூன்று ஆண்டு விபத்து விவரம், வரம்பு மாறாத இதேபோன்ற சாலைகளோடு ஒப்பீடு ஆகிய இரண்டும் இன்றி வெற்றி என்றோ தோல்வி என்றோ சொல்லக் கூடாது. வேக அளவீடு இந்த விஷயத்தில் கைகொடுக்கும். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகளின் விவரம் கிடைத்துவிடுவதால், மாதங்களுக்குள் ஒரு விடை தெரிந்துவிடும்.

மக்களின் குரலும் மறுஆய்வைக் கொண்டுவரும். வேல்ஸ் அரசு 2023 செப்டம்பர் 17 அன்று தெருவிளக்குள்ள சாலைகளின் பொது வரம்பை 30 மைலிலிருந்து 20 ஆகக் குறைத்தது. அதை எதிர்த்த மனுவில் 4.6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பொது வரம்பு 20 ஆகவே தொடர்ந்தது; ஆனால் எந்தச் சாலைகளை விலக்கி மீண்டும் 30 ஆக்கலாம் என்று உள்ளாட்சிகளுக்குத் தெளிவாகச் சொல்லும் வழிகாட்டுதல் 2024-இல் திருத்தி வெளியிடப்பட்டது. பள்ளி வாசலில் 20 நீடிப்பதும், வீடுகளற்ற இணைப்புச் சாலையில் 30 திரும்புவதும் ஒரே கொள்கைக்குள் அடங்கும் என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது.

உங்கள் தெருவின் வரம்பை மறுஆய்வு செய்யக் கேட்க நினைத்தால், "வண்டிகள் வேகமாகப் போகின்றன" என்ற ஒற்றை வரியோடு மனுவை நிறுத்திவிடாதீர்கள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை, எந்த நேரத்தில், யார் எங்கே கடக்கிறார்கள், பார்வையை மறைப்பது எது என்று எழுதுங்கள். மோதல் நேராமல் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் தேதியோடு குறிப்பிடுங்கள், ஏனெனில் அவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கூடவே மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: தற்போதைய வரம்பு எந்த ஆணையின்படி வந்தது, கடைசியாக வேகம் அளந்தது எந்த நாளில், அப்போது கிடைத்த சராசரியும் 85-ஆவது நூற்றுமானமும் எவ்வளவு. அந்த நாள் பள்ளி வருவதற்கு முன்னதாகவோ, சாலையை அகலப்படுத்துவதற்கு முன்னதாகவோ இருந்தால், புதிய அளவீட்டைக் கேட்க அது ஒன்றே போதுமான காரணம்.